நுண்புழைக்குள் உப்புத் தண்ணீர்: கடலூர் – சிதம்பரம் வட்டார நீரில் அயனிகளைப் பிரித்தறிதல்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை ஒட்டித் தண்ணீர் மாதிரி எடுத்துக்கொண்டே போனால், ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தண்ணீர்கள் கைக்கு வரும். கெடிலம் ஆற்று நீர் ஒரு ரகம். 1980களில் சிப்காட் வளாகம் வந்த பகுதியில், உப்பனாற்றை ஒட்டிய குடிகாடு போன்ற ஊர்களின் கிணற்று நீர் இன்னொரு ரகம். நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று அழைக்கும் பாறை அடுக்கிலிருந்து ஆழ்துளைக் கிணறு இழுத்துத் தருவது நல்ல குடிநீர். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் ஒரே துறையில் காலையில் ஒரு உப்பு, மாலையில் ஒரு உப்பு. கிள்ளைப் பக்கம் இறால் குட்டை நீர், பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக் கால்வாய் நீர். மேற்கே திரும்பினால் வீராணம் ஏரியின் நன்னீர்.

மின்கடத்துதிறன் மீட்டரை இவற்றில் தோய்த்துப் பார்த்தால் சென்டிமீட்டருக்குச் சில நூறு மைக்ரோசீமன்ஸில் தொடங்கி ஐம்பதாயிரத்தைத் தாண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான். கேப்பில்லரி எலக்ட்ரோபோரெசிஸ் கருவி வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி "எந்த பஃபர் போடலாம்?" என்பது. இந்தக் கடற்கரையில் முதலில் கேட்க வேண்டியது "இந்தத் தண்ணீரில் எவ்வளவு குளோரைடு?" என்பதுதான். அதற்கு விடை தெரியாமல் மாதிரியைக் கருவியில் வைத்தால், திரையில் குளோரைடு பீக் மட்டும் சுவர்போல் எழும்பி நிற்கும். மற்றதெல்லாம் அதன் காலடியில் புதைந்துவிடும்.

கருவிக்குள் நடப்பது

ஐம்பது அல்லது எழுபத்தைந்து மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள சிலிக்கா நுண்புழை. வெளியே பாலிஇமைடு பூச்சு. இரு முனைகளும் மின்பகுளிக் கரைசல் உள்ள குப்பிகளில் மூழ்கியிருக்கும். ஒரு முனையில் மாதிரியைத் துளியிலும் துளியாக உள்ளே விட்டு, இருபது முப்பது கிலோவோல்ட் கொடுத்தால், ஒவ்வொரு அயனியும் தன் மின்னூட்டத்துக்கும் உருவுக்கும் ஏற்ற வேகத்தில் ஓடிப் பிரியும். மின்புலத்தில் அயனிகளைப் பிரிப்பது பழைய சங்கதி. அதற்காகத் திசேலியஸ் 1948இல் நோபல் பரிசு வாங்கினார். அதை நுண்புழைக்குள் கொண்டுவந்து இன்றைய வடிவம் கொடுத்தது ஜார்கன்சனும் லூகாக்ஸும் 1981இல் வெளியிட்ட ஆய்வு. குழாய் மெலிதாக இருந்தால் மின்சாரம் உண்டாக்கும் சூடு சுவர் வழியே வெளியேறிவிடும். உயர் மின்னழுத்தம் கொடுத்தாலும் கரைசல் கொதிக்காது. விஷயம் அவ்வளவுதான்.

அளவுகளை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள நுண்புழை முழுவதும் கொள்ளும் கரைசல் 2.65 மைக்ரோலிட்டர். மாதிரிக் குப்பியை 10 செ.மீ. உயர்த்தி 30 விநாடி பிடித்தால் உள்ளே போவது சுமார் 40 நானோலிட்டர். கண்ணுக்குத் தெரியாத அந்த நீரில் உங்கள் விரல் வியர்வையின் உப்பு கலந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிலிக்காச் சுவருக்கு ஒரு குணம் உண்டு. பிஎச் 3க்கு மேலே போனால் அதன் பரப்பு எதிர்மின்னூட்டம் பெறும்; அதைச் சமன்செய்ய நேரயனிகள் சுவரோரம் திரளும்; அழுத்தம் கொடுத்ததும் அவை நகர, கரைசல் மொத்தமும் எதிர்மின்வாயை நோக்கி ஓடும். இந்த மின்சவ்வூடு ஓட்டம் நேரயனிகளுக்கு நல்லது. குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட் போன்ற வேகமான எதிரயனிகளுக்கோ இது எதிர்நீச்சல். ஆகவே எதிரயனி வேலையில் டெட்ராடெசில்டிரைமெத்தில்அமோனியம் புரோமைடு போன்ற நேர்மின் சோப்பைச் சிறிது சேர்த்துச் சுவரின் மின்னூட்டத்தையே புரட்டிவிடுகிறோம். அழுத்தத்தையும் எதிர்க்குறியில் கொடுத்து, எதிர்மின்வாய்ப் பக்கம் மாதிரியை ஏற்றுகிறோம். இப்போது ஓட்டமும் அயனியும் ஒரே திசையில். குளோரைடு சுமார் மூன்று நிமிடத்தில் கண்டறிகருவியைக் கடந்துவிடும். ஃப்ளூரைடும் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் குரோமேட்

கருவியில் இருப்பது பெரும்பாலும் புற ஊதாக் கண்டறிகருவி. குளோரைடும் சல்ஃபேட்டும் ஃப்ளூரைடும் 254 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதே இல்லை. எனவே மறைமுக வழி: மின்பகுளியையே ஒளி உறிஞ்சுவதாக வைத்துவிடுகிறோம். குரோமேட் நிறைந்த ஓடையில் குளோரைடு கும்பலாக வரும் இடத்தில் அதற்கீடான குரோமேட் விலகியிருக்கும். அங்கே உறிஞ்சல் குறையும். அந்தப் பள்ளம்தான் நமக்குப் பீக். 1990ஐ ஒட்டி வாட்டர்ஸ் நிறுவனத்தில் ஜோன்ஸ், யாண்டிக் இருவரும் குரோமேட் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அதன் வழியில் வந்தவைதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 6500ஆம் முறையும் ஏஎஸ்டிஎம் டி6508உம். அளவெல்லை லிட்டருக்குச் சுமார் 0.1 மி.கி. முதல் 50 மி.கி. வரை.

சோடியம் குரோமேட் டெட்ராஹைட்ரேட் லிட்டருக்கு 1.17 கிராம் போட்டால் 5 மில்லிமோலார். அதில் மேற்சொன்ன டெட்ராடெசில் உப்பு 168 மி.கி.; அது 0.5 மில்லிமோலார். பிஎச் 8ஐ ஒட்டி இருக்கட்டும். 60 செ.மீ. நீள, 75 மைக்ரோமீட்டர் நுண்புழையில் 20 கிலோவோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் 20 மைக்ரோஆம்பியரை ஒட்டி வர வேண்டும். 15 கிலோவோல்ட்டுக்கு 15. இந்தக் கணக்குக்கு வெகுதூரம் விலகினால் கரைசல் தயாரிப்பில் கோளாறு அல்லது நுண்புழையில் அடைப்பு. அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி மின்னோட்டத்தைக் குறித்து வரைபடம் போடுங்கள். நேர்கோடு எங்கே மேல்நோக்கி வளையத் தொடங்குகிறதோ, அங்கே சூடு வெளியேற முடியாமல் தேங்குகிறது என்று பொருள். அதற்குக் கீழே நின்றுகொள்வது நல்லது.

டெட்ராடெசிலுக்குப் பதில் அலமாரியில் இருக்கும் ஹெக்சாடெசில் உப்பைப் போடலாமா என்று கேட்பார்கள். அது சுமார் 25 டிகிரிக்குக் கீழே படிகமாகப் பிரியத் தொடங்கும். ஏசியை 20இல் வைத்திருக்கும் ஆய்வகத்தில் இரவோடு இரவாக நுண்புழை அடைத்துக்கொள்ளும். வேண்டாம்.

குரோமேட் நமக்குப் புதிதல்ல. மோர் முறையில் வெள்ளி நைட்ரேட் கொண்டு குளோரைடு பார்க்கும்போது பியூரெட்டின் கீழே செங்கல் நிறம் காட்டுவது இதே குரோமேட்தான். பழக்கம் இருக்கிறது என்பதற்காக அலட்சியம் கூடாது. இது ஆறிணைதிறக் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை அறிந்த மாநிலத்தில், தண்ணீர் மாசைச் சோதிக்கும் ஆய்வகமே அதைத் தொட்டியில் ஊற்றுவது வெட்கக்கேடு. கழிவை ஒரே குடுவையில் சேர்த்து, அமிலமாக்கி, சோடியம் பைசல்ஃபைட்டோ ஃபெரஸ் சல்ஃபேட்டோ போடுங்கள். மஞ்சள் போய்ப் பச்சையானதும் சுண்ணாம்பு சேர்த்து வீழ்படிவாக்கி, அபாயக் கழிவாகக் கணக்கு வைத்து உரியவரிடம் ஒப்படையுங்கள். குரோமேட்டே வேண்டாம் என்பவர்களுக்குப் பைரோமெல்லிட்டிக் அமிலம் இருக்கிறது.

மாதிரி எடுப்பது: பாதி வேலை இங்கேதான்

பாலிஎத்திலீன் பாட்டில், கண்ணாடி வேண்டாம். நைட்ரிக் அமிலத்தில் கழுவும் வழக்கம் உலோகச் சோதனைக்கு நல்லது. நைட்ரேட் பார்க்கப் போகிறவர் அப்படிக் கழுவினால் தானே போட்ட நைட்ரேட்டைத் தானே அளப்பார். ஹைட்ரோகுளோரிக்கும் அதே கதை. அயனிநீக்கிய நீரால் பலமுறை அலசி, கடைசியாக மாதிரி நீரால் அலசினால் போதும். நேரயனிக்கும் எதிரயனிக்கும் தனித்தனிப் பாட்டில் வையுங்கள்.

அடிகுழாயாக இருந்தால் குழாயில் தேங்கிய நீர் போகும்வரை அடித்துவிட்டுப் பிடியுங்கள். மீட்டரில் கடத்துதிறன் ஒரே எண்ணில் நிலைத்த பிறகு பிடிப்பது இன்னும் மேல். உப்பனாறு, வெள்ளாறு முகத்துவாரங்களில் இடத்தைவிட நேரம் முக்கியம். நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதைக் குறிக்காத மாதிரி வெறும் பாட்டில் தண்ணீர். அங்கே படகோட்டியையோ வலை போடுபவரையோ கேட்டால் சரியாகச் சொல்வார்கள், "அண்ணே, இப்போ ஏத்தமா வத்தமா?" என்று ஒரு வார்த்தை போதும். கிணறுகளுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது எடுங்கள்: வடகிழக்குப் பருவமழை ஊறிய ஜனவரியில் ஒன்று, நீர்மட்டம் இறங்கிய மே கடைசியில் ஒன்று. ஒரே ஒரு எண்ணை வைத்துக் கடல்நீர் ஏறிவிட்டது என்று எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மழை பெய்தால் அந்த எண் மாறிவிடும்.

பாட்டில்களை 4 டிகிரியில் கொண்டுவர ஐஸ் வேண்டும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் மலிவாகக் கிடைக்கும். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். அதில் தவறில்லை. அந்த ஐஸ் உருகிய நீரில் உப்பும் மீன் கழிவின் அமோனியாவும் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, பாட்டில்களை ஜிப் பையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். மூடிவரை தண்ணீர் நின்ற பெட்டியிலிருந்து வந்த மாதிரியை அமோனியத்துக்கு நம்பக் கூடாது. வந்ததும் 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்டுங்கள். சேறு, பாசி, பாக்டீரியா எல்லாமே நுண்புழைக்கு எமன். நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட் மூன்றையும் 48 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

கடற்காற்றையும் ஒரு மாசாகவே கணக்கில் வையுங்கள். ஜன்னல் திறந்த ஆய்வகத்தில் மூடாமல் வைத்த பிளாங்க் குப்பி சாயங்காலத்துக்குள் குளோரைடு காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் ஏறும்போது மின்முனைகளிலும் நுண்புழை முனைகளிலும் பூத்த உப்பு ஈரம் இழுத்து, உயர் அழுத்தம் வெளியே கசியும்; மின்னோட்டம் துள்ளும், சில சமயம் "சட்சட்" என்று சத்தமே கேட்கும். தினம் வேலை முடிந்ததும் மின்முனைகளை அயனிநீக்கிய நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஏசியை மாலையில் நிறுத்திக் காலையில் போடும் வழக்கம் கருவிக்குள் பனிபோல் நீர் படிய வைக்கும். அறை உலர்ந்த பிறகே அழுத்தம் கொடுங்கள்.

குளோரைடுக்கு முன்னால் மற்றதெல்லாம் சிறுபான்மை

கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 19.4 கிராம் குளோரைடு, 2.7 கிராம் சல்ஃபேட், 67 மி.கி. புரோமைடு, 1.3 மி.கி. ஃப்ளூரைடு. இதில் பத்தில் ஒரு பங்கு கலந்த கிணற்று நீரிலும் குளோரைடு கிராம் கணக்கில் இருக்கும்; குரோமேட் முறையின் எல்லையோ 50 மி.கி. ஆகவே நீர்க்கச் செய்யாமல் இங்கே எதுவும் நடக்காது.

எத்தனை மடங்கு? இதற்குத்தான் கடத்துதிறன் மீட்டர். மேலே சொன்ன குரோமேட் கரைசலின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 1,350 மைக்ரோசீமன்ஸ். மாதிரியின் கடத்துதிறன் அதில் பத்தில் ஒரு பங்காக, அதாவது 130ஐ ஒட்டி இருந்தால், மாதிரிப் பகுதிக்குள் மின்புலம் வலுவாக இருக்கும். அயனிகள் வேகமாக ஓடி எல்லையில் வந்து அடுக்கடுக்காகக் குவியும். பீக் ஊசியாக வரும். மாதிரி மின்பகுளியைவிட உப்பாக இருந்தால் எல்லாம் தலைகீழ்: அயனிகள் மாதிரிக்குள்ளேயே தவழும், பீக்குகள் முக்கோணமாக அகன்று ஒன்றன்மேல் ஒன்று சாயும்.

கணக்குக்காக ஒரு கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். கடத்துதிறன் 1,820. 130ஆல் வகுத்தால் 14. எனவே இருபது மடங்கு நீர்க்கச் செய்கிறோம். குளோரைடு 390 மி.கி. இருந்தால் 19.5 ஆகிவிடும், நன்றாக அளக்கலாம். 12.4 மி.கி. நைட்ரேட் 0.62 ஆகும், அதுவும் பரவாயில்லை. ஆனால் 1 மி.கி. ஃப்ளூரைடு 0.05க்கு இறங்கிக் காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பார்க்க ஆசைப்படாதீர்கள். குளோரைடு, சல்ஃபேட்டுக்கு இருபது மடங்கு நீர்த்த ஓட்டம் ஒன்று; ஃப்ளூரைடுக்கு இரண்டு மூன்று மடங்கு மட்டும் நீர்த்த ஓட்டம் இன்னொன்று. ஃப்ளூரைடு குளோரைடுக்கு வெகுதூரம் பின்னால் வருவதால் முன்னால் உள்ள சுவர் அதைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஃப்ளூரைடு மட்டும்தான் கேள்வி என்றால் ஃப்ளூரைடு மின்முனை வைத்து முடித்துவிடுங்கள். அதற்கு இந்தக் கருவியை எழுப்ப வேண்டாம்.

பீக்கின் சாய்வைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். குரோமேட்டைவிட வேகமான அயனியின் பீக் முன்பக்கம் சரிந்து வரும். மெதுவானது பின்பக்கம் வால் நீட்டும். ஃப்ளூரைடும் பாஸ்பேட்டும் கொஞ்சம் வாலோடு வருவது இயல்பு. கருவியைக் குறை சொல்ல வேண்டாம். எல்லாவற்றுக்கும் பின்னால் தடிமனாக ஒன்று வந்தால் அது பைகார்பனேட். அதைக் கருவியில் அளக்க முயல்வது வீண். காற்றிலிருந்தும் கரைசலிலிருந்தும் கார்பனேட் வந்து சேரும். 0.02 நார்மல் சல்ஃபியூரிக் அமிலம் கொண்டு டைட்ரேட் செய்யுங்கள்.

புரோமைடு: உப்பு எங்கிருந்து வந்தது?

கிள்ளைப் பக்கத்து விவசாயியோ பஞ்சாயத்துத் தலைவரோ "எங்க கிணறு ஏன் சார் கரிக்குது?" என்று கேட்டால் குளோரைடு எண் மட்டும் பதிலாகாது. கடல் உள்ளே ஏறியிருக்கலாம், இறால் குட்டை நீர் ஊறியிருக்கலாம், சாக்கடையாக இருக்கலாம், 2004 டிசம்பர் 26 சுனாமி போல் மேலிருந்து வந்து இறங்கிய கடல்நீராகவும் இருக்கலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க அடிநீரின் அழுத்தத்தைக் குறைத்து இறைக்கிறார்கள் என்பதால், கடற்கரை நிலத்தடி நீர் பற்றிய கேள்வி இந்த மாவட்டத்தில் ஓய்வதே இல்லை.

இங்கே உதவுவது குளோரைடு–புரோமைடு விகிதம். கடல்நீரில் அது எடைக்கணக்கில் சுமார் 290. கடல்நீரை எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் விகிதம் மாறாது. உப்பளத்தில் உப்பு விளையும்போது புரோமைடு பெரும்பாலும் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடும். அதனால் சமையல் உப்பில் புரோமைடு குறைவு, விகிதம் மிகப் பெரிது. சமையலறை வழியாக, சாக்கடை வழியாக வந்த உப்பு என்றால் விகிதம் 290ஐ விட்டு மேலே ஏறும். நம் கணக்குக் கிணற்றின் 390 மி.கி. குளோரைடும் கடலிலிருந்தே வந்ததென்றால், புரோமைடு 1.3 மி.கி.யை ஒட்டி இருக்க வேண்டும். இறால் குட்டையும் கடலும் இந்த விகிதத்தில் ஒன்றுபோலவே இருக்கும்; அவற்றைப் பிரிக்க நைட்ரைட், அமோனியம், கிணற்றின் தூரம், பருவம் எல்லாம் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இந்த 1.3ஐப் பிடிப்பதில் மூன்று குழிகள் உண்டு. முதலாவது, புரோமைடும் குளோரைடும் கிட்டத்தட்ட ஒரே வேகம். முந்நூறு மடங்கு குளோரைடு அருகில் இருக்க, மறைமுக முறையில் புரோமைடு தெரியாது. இரண்டாவது, குளோரைடை நீக்க வெள்ளி வடிவக் கார்ட்ரிட்ஜில் மாதிரியை விட்டால் வெள்ளி புரோமைடையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சல்ஃபேட்டுக்கும் நைட்ரேட்டுக்கும் உதவும் அந்தத் தந்திரம் இங்கே தற்கொலை. மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: நாம் சுவரைப் புரட்டப் போட்ட சோப்பே புரோமைடு உப்பு! கரைசல் முழுக்கப் புரோமைடை ஊற்றிவிட்டு மாதிரியில் புரோமைடைத் தேடுகிறோம். புரோமைடு பார்ப்பதானால் அந்தச் சோப்பின் குளோரைடு வடிவத்தையோ ஹைட்ராக்சைடு வடிவத்தையோதான் வாங்க வேண்டும்.

தப்பிக்கும் வழி நேரடிப் புற ஊதா. 200 நானோமீட்டரை ஒட்டிப் புரோமைடு, நைட்ரைட், நைட்ரேட் மூன்றும் தாமே ஒளியை உறிஞ்சும். குளோரைடும் சல்ஃபேட்டும் அவற்றோடு ஒப்பிட்டால் இல்லாததுபோல. இனி மின்பகுளியையே உப்பாக்கிவிடலாம். 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் சோப்பின் குளோரைடு வடிவத்தைச் சேர்த்தால், மாதிரியின் குளோரைடு ஓடையோடு கலந்துவிடும், சுவர் எழும்பாது. கடல்நீரில் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் பார்க்க ஜப்பானில் கோபே ஆய்வாளர்கள் செயற்கைக் கடல்நீரையே மின்பகுளியாக வைத்தது இதே யோசனைதான். கடத்துதிறன் அதிகம் என்பதால் 50 மைக்ரோமீட்டர் நுண்புழை, 60 செ.மீ. நீளத்துக்கு 10 கிலோவோல்ட் கொடுத்தால் 35 மைக்ரோஆம்பியரை ஒட்டி ஓடும், அதற்கு மேல் போகாதீர்கள். மாதிரியை நீர்க்கச் செய்யத் தேவையில்லை. 1.3 மி.கி. புரோமைடின் பீக் ஒரு மில்லி உறிஞ்சல் அலகுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். விளிம்பில் நிற்கும் அளவு. ஆகவே தெரிந்த அளவு புரோமைடை மாதிரியிலேயே சேர்த்து, பீக் எவ்வளவு வளர்கிறது என்று பார்த்துக் கணக்கிடுங்கள். வெளி ஸ்டாண்டர்டை நம்பி விகிதம் எழுத வேண்டாம்.

நுண்புழையைத் தயார்செய்தல்

வெட்டும்போது பீங்கான் தகட்டால் மேலே லேசாகக் கீறி, இழுத்து ஒடியுங்கள்; கத்தரியால் நசுக்காதீர்கள். முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். பல் பல்லாக உடைந்த முனை மாதிரியைச் சீராக உள்வாங்காது. கண்டறிகருவிக்கான ஜன்னல் திறக்க, லைட்டர் சுடரை இரண்டு மூன்று விநாடி காட்டினால் பழுப்புப் பூச்சு கருகும்; மெத்தனால் தோய்த்த திசுவால் ஒரே பக்கமாகத் துடைத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி பளிச்சென்று தெரியும். பூச்சு போன இடம் தொட்டால் ஒடியும். அதற்குப் பிறகு நுண்புழையை வளைக்காமல் கேசட்டில் பொருத்த வேண்டும். இரண்டு உடைந்த பிறகுதான் எல்லோருக்கும் கை பழகும். ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

புது நுண்புழையை 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் அரை மணி நேரம் அலசி, பிறகு நீர், பிறகு மின்பகுளி. தினசரி 0.1 மோலார் போதும். நேரயனிக்கும் எதிரயனிக்கும் ஒரே நுண்புழையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். சுவரில் ஒட்டிய சோப்பு முழுதாக வராது, நேரங்கள் தள்ளாடும்.

மின்னோட்டம் திடீரென்று பூஜ்யமானால் காற்றுக் குமிழி. கரைசலை வடிகட்டி, அல்ட்ராசானிக் தொட்டியில் காற்று நீக்கி மறுபடி நிரப்புங்கள். எல்லாப் பீக்கும் தாமதமாக வந்தால் சோப்பு பழையதாகிவிட்டது அல்லது மறந்துபோனது. கரண்ட் போய் வந்தபின் முதல் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

நேரயனிகள், சுருக்கமாக

இமிடசோல் 5 முதல் 10 மில்லிமோலார், பிஎச் 4.5, கண்டறிவது 214 நானோமீட்டரில், அழுத்தம் நேர்க்குறியில். இங்கே சுவரைப் புரட்டத் தேவையில்லை. பொட்டாசியமும் அமோனியமும் ஒரே வேகத்தில் ஓடி ஒட்டிக்கொள்ளும். 18-கிரவுன்-6 ஈதரைச் சிறிது சேர்த்தால் அதன் வளையம் பொட்டாசியத்தைப் பிடித்து மெதுவாக்கும்; அமோனியம் முன்னால் தனியாக வரும். இறால் குட்டை நீருக்கு இது அவசியம். கால்சியம், மக்னீசியம், சோடியம் நெருக்கத்தைத் தளர்த்த ஹைட்ராக்சிஐசோபியூட்டிரிக் அமிலம். லித்தியத்தை அக ஸ்டாண்டர்டாகப் போடுங்கள். கடினத்தன்மை மட்டும் வேண்டுமென்றால் ஈடிடிஏ டைட்ரேஷனே விரைவு.

ஜன்னல் இல்லாத வழி

1998இல் ஆஸ்திரியாவில் ஒரு குழுவும் பிரேசிலில் ஒரு குழுவும் தனித்தனியாக, நுண்புழையின் வெளிப்புறத்தில் இரண்டு மின்முனைகளை வைத்து, மாறுமின் அலையால் உள்ளே ஓடும் கரைசலின் கடத்துதிறனைப் படித்துக் காட்டினார்கள். தொடாமல் அளக்கும் இந்தக் கண்டறிகருவிக்குக் குரோமேட்டும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம். மெஸ் (MES), ஹிஸ்டிடின் இரண்டும் 20 மில்லிமோலார் கலந்தால் பிஎச் 6ஐ ஒட்டி வரும். நேரயனி, எதிரயனி இரண்டுக்கும் பொருந்தும். சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகக் குழு ஹனோய் ஆய்வாளர்களோடு சேர்ந்து, கையில் தூக்கிப்போய்க் கிணற்றடியிலேயே சோதிக்கும் கருவிகளைச் செய்திருக்கிறது. பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் போன்ற இடங்களுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். சொந்தமாகக் கட்டுகிறவர்கள் உயர் அழுத்தப் பகுதியை அக்ரிலிக் பெட்டிக்குள் அடைத்து, கதவைத் திறந்தால் மின்சாரம் தானே அறும் சுவிட்சை முதலில் பொருத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எண்களைச் சரிபார்த்து எழுதுதல்

எந்த மாதிரிக்கும் நேரயனிக் கூட்டுத்தொகையும் எதிரயனிக் கூட்டுத்தொகையும் மில்லிசமானத்தில் சமமாக வர வேண்டும். நம் கிணற்றில் சோடியம் 230 மி.கி. (10.0), கால்சியம் 80 (4.0), மக்னீசியம் 48.6 (4.0), பொட்டாசியம் 7.8 (0.2), மொத்தம் 18.2. குளோரைடு 390 (11.0), பைகார்பனேட் 305 (5.0), சல்ஃபேட் 96 (2.0), நைட்ரேட் 12.4 (0.2), இதுவும் 18.2. நேரயனிக் கூட்டுத்தொகையை நூறால் பெருக்கினால் தோராயமாகக் கடத்துதிறன் வர வேண்டும்: இங்கே 1,820, மீட்டர் காட்டியதும் அதுவே. கருவி குளோரைடை 320 என்று கொடுத்திருந்தால் எதிரயனி 16.2க்கு இறங்கி, வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டும். அப்போது முதல் சந்தேகம் குளோரைடு மேலேதான்: நீர்த்தது போதவில்லை, பீக்கின் உச்சி மழுங்கிவிட்டது. வெள்ளி நைட்ரேட் பியூரெட்டை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். சட்டப்படியான தகராறில் போகும் அறிக்கைக்கு டைட்ரேஷனும் அயனிக் குரோமட்டோகிராபியும்தான் நிற்கும் என்பது என் கருத்து. நுண்புழை முறை விரைவு, செலவு குறைவு, ஆனால் செறிவு குறைந்த அயனியில் அதன் கை தாழ்ந்தது.

அறிக்கையில் குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500:2012இன் எல்லைகளைப் பக்கத்தில் போடுங்கள். குளோரைடு 250, வேறு நீராதாரம் இல்லையென்றால் 1,000 வரை, சல்ஃபேட் 200, 400, ஃப்ளூரைடு 1.0, 1.5. நைட்ரேட்டுக்கு 45 மட்டுமே, அதற்குத் தளர்வு கிடையாது. அந்த 45 நைட்ரேட்டாகக் கணக்கிட்டது. நைட்ரஜனாகக் கணக்கிட்டால் சுமார் 10. கருவியின் மென்பொருளில் ஸ்டாண்டர்டை எந்தக் கணக்கில் பதிந்தீர்களோ அதை ஒவ்வொரு அறிக்கையிலும் "நைட்ரேட்டாக" அல்லது "நைட்ரஜனாக" என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மாதிரியின் மிச்சத்தைக் கணக்கு ஒத்துவரும்வரை குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொட்டிவிடாதீர்கள்.